கடற்கரைச் சாலையில் கடல் எங்கே?

சென்னையிலிருந்து குமரி வரை பைக்கில் கிளம்புகிறவர்கள் முதலில் தூக்கிப்போட வேண்டியது கிலோமீட்டர் கணக்கை!

சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணி. உத்தண்டி சுங்கச்சாவடியில் கார்கள் வரிசையில் நிற்கின்றன. இருசக்கர வாகனங்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், ஓரத்துச் சந்து வழியாக பைக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவிப் போகின்றன. ஹெல்மெட்டின் மேல் கேமரா, முழங்காலில் கவசம், பெட்ரோல் டேங்க்கின் மேல் ஒரு பை, ஹேண்டில்பாரில் வழி சொல்லும் செல்போன். கோவளம் திருப்பத்தில் யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை. அங்கே இடது பக்கம் ஒடித்திருந்தால், கடலுக்குப் போன ஃபைபர் படகுகள் கரையேறி, வலையை உதறி மீனை உதிர்க்கும் நேரம் அது. பைக்குகள் ஆறேகாலுக்கு மாமல்லபுரத்தில் இட்லிக்கு நிற்கின்றன. எட்டரைக்குப் புதுச்சேரி. பீச் ரோட்டில் கருங்கல் குவியலுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு படம். மதியச் சாப்பாடு முடிந்ததும் வெயிலோடு திரும்பல். கடற்கரைச் சாலையில் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. கடலோடு கழித்த நேரத்தைக் கூட்டினால் முக்கால் மணி தேறாது.

ஓட்டியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, திட்டம்தான் கோணல். சென்னைக்குத் தெற்கே கடலோரமாக நீளும் இந்தச் சாலையில் போகிறவருக்குக் கடல் பெரும்பாலும் தெரிவதே இல்லை. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை பங்களா மதில்கள், ரிசார்ட் வாசல்கள், கேளிக்கைப் பூங்காக்களின் விளம்பரப் பலகைகள். அதற்கும் தெற்கே சவுக்குத் தோப்பு, உப்பளம், கடைத்தெரு. கடலூரைத் தாண்டியதும் சாலை கடலை விட்டு வெகுவாக உள்ளே ஒதுங்கிவிடுகிறது. சிதம்பரத்தில் டீ குடிப்பவருக்கு அலையாத்திக் காட்டின் விளிம்பே பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால். வண்டியில் உட்கார்ந்தபடியே பரந்த நீர் தெரியும் இடங்கள் என்று பார்த்தால் முட்டுக்காடு பாலம், பாம்பன் பாலம், தனுஷ்கோடிச் சாலை என விரல்விட்டு எண்ணிவிடலாம். முட்டுக்காட்டில் தெரிவதும் உப்பங்கழிதான். மற்றபடி கடல் இருப்பது கிளைச் சாலைகளின் முனையில். ஆகவே, திட்டமிட வேண்டியது அந்தக் கிளைச் சாலைகளை. எந்த ஊரில் கிழக்கே திரும்புவது, எந்த நேரத்துக்கு அங்கே போய்ச் சேர்வது, எவ்வளவு நேரம் இருப்பது என்று இந்த மூன்றையும் முடிவு செய்துவிட்டால் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது தானாக அமையும். நம் இளைஞர்கள் முதலில் கிலோமீட்டரை முடிவு செய்கிறார்கள், பிறகு அதற்குள் கடலை எங்காவது நுழைக்கப் பார்க்கிறார்கள்.

ஒரே கரை, பல கடல்

இந்தச் சாலை ஒரே வீச்சில் போடப்பட்டதல்ல. மீனவக் குப்பங்களை இணைத்த பழைய ஊர்ச் சாலைகளை ஒட்டுப்போட்டு அகலப்படுத்தியதில், சென்னை-புதுச்சேரிப் பகுதி 1990களின் இறுதியில் இன்றைய உருவத்துக்கு வந்தது. அந்த 150 கிலோமீட்டருக்குக் கிடைத்த புகழ்தான் இன்றைய நெரிசலுக்கும் காரணம். தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத வடக்கு முனையில் வார இறுதிக் கூட்டம் முழுவதும் மொய்க்கிறது.

அதில் இழப்பு என்ன என்று கேட்கலாம். கடல் எங்கேயும் கடல்தானே? இல்லை. கோடியக்கரை வரை இருப்பது வங்கக்கடலின் திறந்த கரை. அலை ஓங்கி அடிக்கும், மணல் சரிவாக இறங்கும். கோடியக்கரையில் நிலம் ஒரு மூலையாக மடங்கி மேற்கே திரும்புகிறது. அங்கிருந்து பாம்பன் வரை பாக் நீரிணை. ஆழம் குறைவு, ஏரி போல அசையாத நீர், அடியில் கடற்புல் வெளி. அந்தப் புல்லை மேயும் கடற்பசுவுக்காக, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதல் காப்பகம் இதுதான். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, பவளப்பாறைகள் சூழ்ந்த 21 தீவுகள்; பவளத்தை வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. திருச்செந்தூர் தாண்டினால் சிவப்பு மணல் தேரி, மணற்குன்றுகள், கடைசியில் பாறை. தனுஷ்கோடியில் நிலத்தின் ஒரு பக்கத்தை ஆண்கடல் என்றும் மறு பக்கத்தைப் பெண்கடல் என்றும் உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள். ஒன்று அடிக்கும்போது மற்றொன்று அடங்கிக் கிடக்கிறது. புதுச்சேரியோடு திரும்பிவிடுகிறவர் பார்ப்பது இதில் ஒன்றை மட்டும், அதையும் அரைகுறையாக.

இடது திருப்பம்

திட்டம் போடும்போது யாரும் யோசிக்காத ஒரு சின்ன விஷயத்திலிருந்து தொடங்கலாம். நம் நாட்டில் வண்டி ஓட்டுவது இடப்பக்கம். சென்னையிலிருந்து தெற்கே போகும்போது கடலும் இடப்பக்கம். ஆகவே, கடலுக்குப் பிரியும் ஒவ்வொரு சாலையும் இடது திருப்பம். எதிரே வரும் பஸ்ஸையோ லாரியையோ குறுக்கே வெட்டாமல் அப்படியே ஒதுங்கிவிடலாம். அதே சாலையில் வடக்கே வந்தால் ஒவ்வொரு கிளைச் சாலைக்கும் எதிர்த்திசைப் போக்குவரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். மனிதன் சோம்பேறி. வலது பக்கம் திரும்ப வேண்டும் என்றால் 'அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்று போய்விடுவான். போவது கடலோரமாக, திரும்புவது வேறு வழியாக என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், பாதுகாப்பும் கூடுகிறது, நிற்கும் இடங்களும் கூடுகின்றன.

அடுத்தது நேரம். கிழக்குக் கரையில் சூரியன் கடலில் எழுகிறது, வயலில் விழுகிறது. மேற்குக் கடற்கரைப் படங்களைப் பார்த்துவிட்டு அஸ்தமனத்துக்குக் கரைக்குப் போகிறவர்களுக்கு இங்கே கிடைப்பது மங்கல்தான். விடிகாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரைதான் இந்தக் கரையின் பொற்காலம்: வெளிச்சம் கடல் மேல், படகு கரையில், ஏலம் மணலில், வெயில் இன்னும் ஏறவில்லை. அந்த நேரத்தில் சாலையில் இருப்பதே தப்பு, கரையில் இருக்க வேண்டும். அப்படியானால் இரவுத் தங்கல் கடலுக்குப் பக்கத்திலேயே அமைய வேண்டும். எட்டரைக்குக் கிளம்பி பதினொன்றரை வரை ஓட்டலாம். நடுப்பகலில் கோயில் மண்டபமோ, அருங்காட்சியகமோ, லாட்ஜ் மின்விசிறியோ ஒன்றின் கீழ் ஒதுங்கலாம். மாலை நாலுக்குமேல் ஒரு மணி நேரம் ஓட்டினால் இருட்டுவதற்குள் அடுத்த ஊர். ஊர் நடுவே போகும் சாலை, மாடு, வேகத்தடை, கடைத்தெரு எல்லாம் சேர்த்து மணிக்கு சராசரி 40 கிலோமீட்டருக்கு மேல் யாரும் கணக்குப் போட வேண்டாம். நாளொன்றுக்கு மூன்றரை, நாலு மணி நேரம் என்றால் 140, 150 கிலோமீட்டர். சென்னை-கன்னியாகுமரி ஏறக்குறைய 800. கிளைச் சாலைகளுக்கு இன்னொரு 200. ஒரு வாரம் ஆகும். இந்த வேகத்துக்கு 350 சிசி வண்டிகூடத் தேவையில்லை. வீட்டில் நிற்கும் நூறு சிசி வண்டி போதும், செயினும் பிரேக்கும் சரியாக இருந்தால். பைக் கம்பெனி விளம்பரங்கள் இதைச் சொல்லாது.

பெட்டிச் செய்தி
காற்றும் காலமும்

ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரைதான் முழுப் பயணத்துக்கு ஏற்ற காலம். மழை ஓய்ந்திருக்கும், உப்பங்கழிகளில் தண்ணீர் இருக்கும், வலசை வந்த பறவைகளும் இருக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். 1964 தனுஷ்கோடிப் புயல் டிசம்பரில். 2018 கஜா புயல் நவம்பர் 16 அதிகாலை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ராமேஸ்வரத்திலிருந்து குமரி வரை மேற்கிலிருந்து பலத்த காற்று. பாம்பன் பாலத்தில் லேசான வண்டி பக்கவாட்டில் தள்ளாடும்.

எங்கே திரும்புவது?

முதல் 150 கிலோமீட்டரையே வேறு விதமாகப் பார்க்கலாம். மாமல்லபுரத்தைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன்பே சாளுவன்குப்பத்தில், 2004 சுனாமிக்குப் பிறகு, 2005இல் தொல்லியல் துறையினர் தோண்டியெடுத்த செங்கல் முருகன் கோயில் இருக்கிறது. அலை மணலை அரித்தபோது வெளிப்பட்ட கல்வெட்டுதான் அதைக் காட்டிக்கொடுத்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டையும், மண்டையோடும் கப்பலும் செதுக்கிய கல்லறைகளும். கடப்பாக்கத்தில் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் காலத்துத் துறைமுகம். 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தது. உடைந்த சுவரின் மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் உப்பங்கழி, அதற்கு அப்பால் மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல். நுழைவுச் சீட்டு கிடையாது, கூட்டமும் கிடையாது. மரக்காணம் உப்பளங்களுக்குப் பின்னால் கழுவேலி ஏரி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இத்தனையும் சாலையிலிருந்து சில கிலோமீட்டருக்குள். இவ்வளவையும் பார்த்துவிட்டுப் புதுச்சேரி போய்ச் சேரப் பகல் முழுவதும் ஆகும். அப்படி ஆக வேண்டும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

புதுச்சேரிக்குத் தெற்கேதான் இந்தக் கரை தன் முகத்தைக் காட்டத் தொடங்குகிறது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, ரோமாபுரியோடு நடந்த வணிகத்துக்குச் சான்று காட்டிய இடம். கண்ணுக்குத் தெரிவது தோப்பும் இடிந்த சுவரும்தான். முன்கூட்டிப் படித்துவிட்டுப் போகாதவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். பிச்சாவரத்தில் அப்படி இல்லை. துடுப்புப் படகில், சுரபுன்னை மரங்களின் வேர்கள் இரு பக்கமும் இறங்கி நிற்கும் குறுகிய வாய்க்கால்களுக்குள் போகலாம். விசைப்படகு வேகம், ஆனால் அந்தச் சந்துகளுக்குள் நுழையாது. காலை முதல் படகைப் பிடிக்க வேண்டும் என்றால் முந்தைய இரவு சிதம்பரத்தில். பூம்புகாரை நான் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். சிலப்பதிகாரத்தை மனதில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு அங்கே 1970களில் கட்டிய கலைக்கூடம் இருக்கிறது, கோவலனின் பட்டினம் இல்லை.

தரங்கம்பாடிக்கு ஒரு மாலையும் ஒரு காலையும் கொடுக்க வேண்டும். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1706இல் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, அச்சகம் வைத்து அச்சிட்டது இந்தச் சின்ன ஊரில்தான். அவர் எழுப்பிய 1718ஆம் ஆண்டுத் தேவாலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கரையில் மாசிலாமணிநாதர் கோயில். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. ஊர் நுழைவாயிலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. மொத்த ஊரும் ஒரு மணி நேர நடைக்குள் அடக்கம்.

நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி மூன்றும் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. சுனாமியில் தமிழ்நாட்டில் மிக அதிகமாக, 6,000க்கும் மேற்பட்டோரை இழந்தது நாகை மாவட்டம். இங்கே கரையில் நிற்கிறவர் அதை நினைவில் வைத்துக்கொள்வது மரியாதை. வேதாரண்யத்தில் 1930 உப்புச் சத்தியாகிரக நினைவிடம். திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் நடந்தே வந்து உப்பள்ளிய ஊர் இது, இன்றும் உப்பளம்தான் அதன் முகம். அங்கிருந்து பத்து கிலோமீட்டரில் கோடியக்கரை. 'பொன்னியின் செல்வ'னில் பூங்குழலி படகு ஓட்டிய இடம் என்று வருகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம் காத்திருக்கிறது: 1967 முதல் சரணாலயமாக இருக்கும் உலர் பசுமைமாறாக் காடு, வெளிமான் கூட்டம், காட்டில் திரியும் குதிரைகள், நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூநாரைகள். காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். அதிகாலையிலேயே கேட்டுவிட வேண்டும். மான்கள் வெயில் ஏறியபின் திறந்தவெளியில் நிற்காது.

அடுத்த நாள்தான் நீளமான ஓட்டம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை ஒட்டி, கஜா புயலில் சாய்ந்துபோன தென்னந்தோப்புகளின் ஊர்கள் வழியாகப் பாக் நீரிணைக் கரையில் போகும் நாள். வழியில் மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக, ஐரோப்பாவைக் கண்ணாலும் பார்க்காத தஞ்சை மன்னர் சரபோஜி 1814-15இல் எழுப்பிய அறுகோணக் கோபுரம். இவ்வளவு விசித்திரமான நன்றிக்கடன் தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லை. இராமநாதபுரத்தில் இரவு தங்கினால் மறுநாள் முழுவதும் தீவுக்கு. பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறந்தது, நீளம் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல். பக்கத்தில் 1914இன் பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த செங்குத்துத் தூக்குப் பாலமும். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அது நிறுத்தக் கூடாத இடம். இறங்கியபின் கரையிலிருந்து பார்த்தால் மூன்று பாலங்களும் ஒன்றாகத் தெரியும். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது 2017இல். ராமேஸ்வரத்துக்கு அப்பால் பெட்ரோல் பங்க் இல்லை, மாலைக்கு மேல் அனுமதியும் இல்லை.

மன்னார் வளைகுடாப் பகுதியில் நான் தேர்ந்தெடுப்பது கீழக்கரையும் மணப்பாடும். கீழக்கரையில் திராவிடக் கட்டடப் பாணியில் கல்லால் எழுப்பிய பழைய ஜும்மா பள்ளிவாசல், கோயில் தூண்களும் பள்ளிவாசலும் ஒரே கொத்தர் மரபிலிருந்து வந்தவை என்பதற்குக் கண்கண்ட சாட்சி. தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் தெற்கே மணப்பாட்டில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின் உச்சியில் 1581ஆம் ஆண்டின் திருச்சிலுவை ஆலயம். குன்றின் அடியில் புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், மறு பக்கம் படகுகள் ஒதுங்கும் அமைதியான வளைவு. முழுப் பயணத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

பெட்டிச் செய்தி
வாயில் போட்டுக்கொள்ள

நாகூரில் இறால் பதித்த வாடா. கீழக்கரையில் தொதல். தூத்துக்குடியில் முந்திரி மக்ரூன், இரவானால் எண்ணெய்ப் பரோட்டா. உடன்குடியில் கருப்பட்டி, டேங்க்கின் மேல் வைக்க வேண்டாம், உருகும்.

வேகத்தின் விலை

பயணக் கட்டுரைகள் வழக்கமாக ஹெல்மெட் அறிவுரையோடு இந்த விஷயத்தை முடித்துக்கொள்ளும். ஹெல்மெட் சட்டப்படி ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்கார்பவருக்கும் கட்டாயம், அதில் பேச ஒன்றுமில்லை. பேச வேண்டியது வேறு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. நாடு முழுவதும் விபத்து மரணங்களில் பத்துக்கு ஏழு அதிவேகத்தால். இந்தப் புள்ளிவிவரத்தை ஓட்டுகிறவரின் உயிர்க் கணக்காக மட்டும் படிப்பது பாதி வாசிப்பு. கடற்கரைச் சாலையின் அமைப்பைப் பாருங்கள். கிழக்கே குப்பம், படகு, கடல். மேற்கே பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம். சுனாமிக்குப் பிறகு பல ஊர்களில் மீனவர்களுக்குப் புதிய குடியிருப்புகள் கரையிலிருந்து தள்ளிக் கட்டப்பட்டன. படகு மட்டும் பழைய இடத்திலேயே. விடியும் முன் படகுக்குப் போகிறவரும், அன்னக்கூடையில் மீன் சுமந்து வரும் பெண்ணும் இந்தச் சாலையைக் கடந்துதான் ஆக வேண்டும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் கூட்டமும் அதே விடிகாலையில்தான் வருகிறது. நேரத்தை மாற்றுங்கள் என்று மேலே சொன்னது அழகுக்காக மட்டுமல்ல. விடிகாலையில் ஓட்டுகிறவன் கரையில் நின்றால், கரைக்குப் போகிறவள் சாலையைக் கடந்துவிடுவாள்.

கடலுக்குள் இறங்குவதும் இந்தக் கணக்கில் சேரும். அவசரமாக வந்து, அரை மணி நேரத்தில் குளித்துவிட்டுக் கிளம்ப நினைப்பவர் உள்ளூர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாள் அது. காற்றில்லாத நாளிலும் எங்கோ தொலைவில் கிளம்பிய அலை கரையில் வந்து ஏறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் 'இங்க எறங்கலாமாய்யா?' என்று கேட்டாலும் பதில் கிடைக்கும். கரையில் தங்குகிறவருக்கு இதைக் கேட்க நேரம் இருக்கும், ஓடுகிறவருக்கு இருக்காது.

இன்னொன்று, மணலில் பைக் ஓட்டுவதும் இரவில் தீ மூட்டுவதும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. பொரித்த குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித்தான் நகரும், கடலின் மினுக்கம் என்று நினைத்து. ஹெட்லைட்டையும் கேம்ப்ஃபயரையும் நோக்கிப் போன குஞ்சு விடிவதற்குள் காக்கைக்கு. பைக்குக்கும் இது நல்லதல்ல: ஈர மணலும் உப்பும் ஒரே வாரத்தில் செயினைத் துருப்பிடிக்க வைக்கும். அன்றன்றைக்கு நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விட வேண்டும்.

"ஆனால்..." என்பவர்களுக்கு

"ஒரு வார லீவை யார் கொடுப்பார்?" நியாயமான கேள்வி. முழுக் கரையையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் என்றால் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து பஸ்ஸில் புதுச்சேரி போய், அங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கும் வாடகை வண்டியை எடுத்துப் பிச்சாவரம், தரங்கம்பாடி போய்த் திரும்பினால் இரண்டு நாளுக்கு நிறைவு. தென்மாவட்டக்காரர்களுக்குத் தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு, உவரி வழியாகக் குமரி. நெரிசலான முதல் 150 கிலோமீட்டரைத் தொடவே வேண்டாம்.

"பைக் ஓட்டுவதே சுகம். நின்று நின்று போனால் அந்தச் சுகம் போய்விடும்" என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஓட்டத்தில் ஒரு மயக்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுகத்துக்கு வளைவும் ஏற்றமும் ஆளில்லாத தூரமும் வேண்டும். தட்டையான, நேரான, ஊர்கள் நெருங்கிய இந்தச் சாலையில் வேகத்தைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது. வேகம்தான் வேண்டும் என்றால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது; அங்கே குறுக்கே கூடைக்காரி வர மாட்டாள்.

"தெற்கே தங்க இடம் கிடைக்காதே, பெண்கள் தனியாகப் போக முடியுமா?" இந்தக் கரையில் தங்குமிடத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியது சுற்றுலாத் துறைக்கு அல்ல, பக்தர்களுக்கு. சிதம்பரம், நாகூர், வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், ஏர்வாடி, திருச்செந்தூர் என்று கோயிலும் தேவாலயமும் தர்காவுமாக வழி முழுக்கக் குடும்பங்கள் தங்கிப் பழகிய ஊர்கள். நள்ளிரவிலும் தெருவில் ஆள் நடமாட்டமும், விடிவதற்கு முன்பே திறக்கும் டீக்கடையும் இருக்கும். வெறிச்சோடிய ரிசார்ட்டைவிடப் பெண்களுக்கு இவை மேல். ஆனால் திருவிழா நாள்களைத் தவிர்க்க வேண்டும்: ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி, நவராத்திரியில் குலசேகரன்பட்டினம் தசரா, ஐப்பசியில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம், ஆடி, தை அமாவாசைகளில் ராமேஸ்வரம். அந்த நாள்களில் அறை கிடைக்காது, சாலையில் நடந்துவரும் பக்தர்கள் நடுவே வண்டி ஓட்டுவதும் கடினம்.

கடைசி மறுப்பு கொஞ்சம் உறுத்துகிறது. ஆலம்பரைக்கும் மணப்பாட்டுக்கும் இப்படி ஆள் அனுப்பினால் அவையும் புதுச்சேரியாகிவிடாதா? ஆகலாம். ஒரு ஊரைக் கெடுப்பது வருகிறவர் எண்ணிக்கையைவிட, வந்து தங்காமல் போகிறவர்களின் எண்ணிக்கை. அரை மணி நேரம் நின்று, பாட்டிலை எறிந்துவிட்டு, காசு எதுவும் செலவழிக்காமல் போகும் நூறு பேரைவிட, ஒரு இரவு தங்கி, படகுக்காரருக்குக் கூலி கொடுத்து, ஊர் மெஸ்ஸில் சாப்பிடும் பத்துப் பேர் அந்த ஊருக்கு லாபம். அந்த லாபம் இருந்தால் ஊரே குப்பையைக் கவனிக்கும், இரைச்சலையும் தட்டிக்கேட்கும். இதுவும் எல்லா ஊரிலும் பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. புதுச்சேரி அந்த உறுதியைத் தரவில்லை.

திரும்பும் வழி

குமரியில் வள்ளுவர் சிலையையும், அங்கிருந்து விவேகானந்தர் பாறைக்குப் போக 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தையும் பார்த்தபின், எழுநூறு கிலோமீட்டர் நான்கு வழிச்சாலையில் லாரிகளோடு ஓட்டி வருவதற்கு எந்தக் காரணமும் இல்லை. நாகர்கோவிலிலிருந்தோ கன்னியாகுமரியிலிருந்தோ ரயிலில் வண்டியைப் பார்சலாக ஏற்றிவிட்டு நீங்களும் அதே ரயிலில் வரலாம். ஆர்.சி. புத்தக நகல், அடையாள அட்டை, வண்டியில் அனுப்புமிடமும் சேருமிடமும் எழுதிய அட்டை வேண்டும். சாக்கும் கயிறும் கொண்டு சுற்றித் தர ஸ்டேஷன் வாசலிலேயே ஆள் இருப்பார்கள், பேரம் பேசிக்கொள்ளுங்கள். பெட்ரோல் டேங்க் காலியாக இருந்தால்தான் ஏற்றுவார்கள். ஆகவே, கூடங்குளம் தாண்டியபின் பங்க்கில் 'ஃபுல்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.